கையை நீட்டுவதும் பிடிப்பதும் ஒரே வேலையா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகின்றன. இப்போது தோளைத் தூக்க முடிகிறது, மேசை வரைக்கும் கையை நீட்டவும் முடிகிறது, ஆனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் வலையிலிருந்து நண்டைப் பார்க்காமலே எடுத்துப் போட்ட கை அது. "நீட்டுவதும் பிடிப்பதும் ஒரே வேலைதானே, ஒன்று திரும்பி வந்தால் இன்னொன்றும் கூடவே வரவேண்டாமா?" என்பது கேள்வி.

தம்பி, இரண்டும் ஒரே வேலை இல்லை. மூளையில் இவற்றுக்குப் பெரும்பாலும் தனித்தனிப் பாதைகள். நல்ல நிலையில் இருக்கும் கையில் இரண்டும் நேரம் தப்பாமல் சேர்ந்து ஓடுவதால் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். ராமநாதபுரத்தில் கை சம்பந்தப்பட்ட பிசியோதெரபி பார்க்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இந்த முறை முழுதாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் அப்பாவுக்கு வீட்டில் என்ன பயிற்சி கொடுப்பது என்பதும் புரியும்.

பாம்பன் கரையில் நண்டு வலை வந்து இறங்கும் நேரத்தில் போய் நின்று, எடுக்கிறவர்களின் கைகளை மட்டும் பாருங்கள். நீலக்கால் நண்டு உயிரோடு இருக்கும். கொடுக்கு வலைக்கண்ணியில் சிக்கியிருந்தாலும் முன்னாலும் பக்கவாட்டிலும் கவ்வப் பார்க்கும். அதனால் கை பின்பக்கமாகத்தான் போகிறது. கடைசி ஜோடிக் கால், அந்தத் துடுப்பு மாதிரித் தட்டையான கால், ஓட்டோடு சேரும் இடத்தில் கட்டைவிரல் அடிப்பக்கமும் ஆள்காட்டி விரல் முதுகோட்டின் மேலும் உட்காருகின்றன. மற்றக் கை கண்ணியைக் கொடுக்கிலிருந்து உருவி விடுகிறது. கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். நண்டுக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகு மணிக்கட்டு திரும்புவதில்லை, பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. விரல்கள் நண்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிந்து, தொடுவதற்கு முன்னாலேயே மூட ஆரம்பித்துவிடுகின்றன. பெரிய நண்டுக்கு ஒரு விரிவு, சின்ன நண்டுக்கு வேறு விரிவு. எடுக்கிற ஆளோ பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பார்.

இதை முதன்முதலில் ஒழுங்காகப் படம் பிடித்து அளந்து சொன்னவர் பிரான்சில் லியோன் நகரத்து நரம்பியல் அறிஞர் மார்க் ஜானரோ. 1980களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வுகள்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். ஒரு பொருளை நோக்கிக் கை போகும்போது இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்றார். தோளும் முழங்கையும் சேர்ந்து கையைப் பொருள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகின்றன. விரல்கள் பொருளின் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்றபடி தயாராகின்றன. முதல் வேலைக்குத் தெரியவேண்டியது பொருள் எங்கே, எவ்வளவு தூரம் என்பது. இரண்டாவதற்குத் தெரியவேண்டியது அது எவ்வளவு பெரிது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது. பொருளைத் தள்ளி வைத்தால் கையின் வேகம் கூடும், விரல் விரிவு அதிகம் மாறாது. பொருளைப் பெரிதாக்கினால் விரிவு மாறும்.

கை எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் ஏறக்குறைய 60 முதல் 75 சதவீதம் கடந்திருக்கும்போது விரல்கள் முழு விரிவுக்கு வந்துவிடும். அப்போது கை இன்னும் பொருளை அடைந்திருக்காது, வேகம் குறைந்துகொண்டிருக்கும். பொருளின் அகலம் 1 செ.மீ. கூடினால் அந்த உச்ச விரிவு சுமார் 0.8 செ.மீ. கூடுகிறது. இருட்டில் எடுத்தாலோ அவசரமாக எடுத்தாலோ விரல்கள் வழக்கத்தைவிட அகலமாக விரியும். தவறினாலும் உள்ளே அகப்படட்டும் என்று கை தானாகவே எச்சரிக்கையாக இருக்கிறது. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான்கைந்து மாதக் குழந்தை கையை நீட்டிப் பொருளைத் தட்டும். ஒன்பது மாதம் தாண்டும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் பொரியை எடுக்கும். பொருளின் அளவுக்கு ஏற்றபடி விரலை விரிப்பதும் அந்த வயதையொட்டித்தான்.

இரண்டு வேலைகள் என்றதும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜானரோவின் குழுவே 1991ல் ஒரு சோதனை செய்தது. கை புறப்பட்ட அந்தக் கணத்தில் பொருளின் இடத்தை மாற்றிவிட்டார்கள். கையின் போக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள் மாறத் தொடங்கியது. பொருளின் அளவு மாறவே இல்லை, ஆனாலும் விரல்கள் சற்று மூடி, மறுபடி விரிந்தன. அதாவது போகும் வேலையில் ஏதாவது நடந்தால் பிடிக்கும் வேலை காத்திருந்து சேர்ந்துகொள்கிறது. 1999ல் நெதர்லாந்தின் ஸ்மீட்ஸும் பிரென்னரும் வேறு விதமாக வாதிட்டார்கள். பிடி என்று தனியாக ஒன்று இல்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொருளின் மேல் ஆளுக்கொரு புள்ளியைக் குறிவைத்துப் போகின்றன, விரிவு அதன் விளைவுதான் என்றார்கள். நண்டு எடுக்கும் கையைப் பார்க்கும்போது இந்தக் கருத்தில் நிறைய நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஓட்டில் எந்த இரண்டு இடம் என்பதுதான் அங்கே முக்கியம், அளவு அதற்குப் பிறகுதான். ஆனால் நோயாளிகளைப் பார்க்கும்போது ஜானரோ சொன்ன பிரிவுதான் கண்ணெதிரே நிற்கிறது. உங்கள் அப்பாவின் கையே அதற்குச் சாட்சி.

"பார்க்காமலே எடுப்பார்" என்று எழுதியிருந்தீர்கள். பார்க்காமல் இல்லை. உற்றுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கண்ணோரத்தில் விழும் காட்சி போதும். வலையைத் தாங்கியிருக்கும் இடது கை எங்கே இருக்கிறது என்பதை மூட்டுகளும் தசைகளும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வலது கை அந்த இடத்தை நோக்கிப் போகிறது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் காட்சி இரண்டு வழியாகப் பிரிகிறது. பின்மண்டையிலிருந்து கீழ்ப்பக்கமாகப் போகும் வழி, "இது என்ன" என்று அறிவதற்கு. மேல்பக்கமாக உச்சிப்பகுதிக்குப் போகும் வழி, கையை நடத்துவதற்கு. மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் 1991ல் டி.எஃப். என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். கார்பன் மோனாக்சைடு நச்சால் அவருடைய மூளையில் கீழ்வழி கெட்டுப்போயிருந்தது. ஒரு துவாரம் நெட்டுக்குத்தாக இருக்கிறதா படுக்கையாக இருக்கிறதா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கையிலிருக்கும் அட்டையை அதே சாய்வில் தூக்கிக் காட்டவும் தெரியாது. ஆனால் "அட்டையை உள்ளே போடுங்கள்" என்றால் தபால் பெட்டியில் போடுவதுபோல் சரியாகத் திருப்பிப் போட்டுவிடுவார். கட்டைகளின் அகலம் சொல்லத் தெரியாது, எடுக்கப் போனால் விரல்கள் சரியான அளவுக்கு விரியும். இதற்கு நேர்மாறான நோயாளியை ஹங்கேரியின் ரெஷோ பாலிண்ட் 1909லேயே விவரித்திருந்தார். உச்சிப்பகுதி கெட்டவர் அவர். பொருளை நன்றாகப் பார்ப்பார், பெயர் சொல்வார், ஆனால் வலது கை அதை விட்டுத் தள்ளிப் போய் விழும். பக்கவாதத்துக்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துத் தரையைத் துழாவும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். "கண்ணு தெரியல" என்று வீட்டில் கண் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். கண்ணில் குறையே இருக்காது.

டி.எஃப். விஷயத்தில் பின்னாளில் ஒரு திருத்தம் வந்தது. தொடும்போது விரலுக்குக் கிடைக்கும் உணர்வை எடுத்துவிட்டால் அவருடைய விரல் விரிவு பொருளுக்கு ஏற்றபடி அமைவதில்லை என்று தாமஸ் ஷெங்க் 2012ல் காட்டினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் கண்ணின் கணக்கைத் தொடு உணர்வு ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம் கடலில் இது தினமும் நடக்கிறது. தீவுகளின் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குகிறார்கள். சங்கு குளிக்கிறவர்களும் அப்படித்தான். தண்ணீருக்கும் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கும் நடுவே ஒளி வளைவதால், பொருள் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கு தூரத்தில்தான் இருப்பதுபோல் தெரியும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். 60 செ.மீ. தள்ளி இருக்கும் பாசிக் கொத்து 45 செ.மீ.யில் இருப்பதுபோல் தோன்றும். கண்ணை மட்டும் நம்பினால் கை எட்டாது. புதிதாக முங்குகிறவர்களுக்குக் கை தண்ணீரில் வெறுமனே மூடுவது இதனால்தான். பழகியவர்களின் கை நேராகப் போய்ப் பிடிக்கும். நீங்கள் தண்ணீரை விட்டுத் தரையிலும் இதைச் சோதிக்கலாம். காட்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு புள்ளியைத் தொட்டால் முதலில் தவறும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் கை எதிர்ப்பக்கம் தவறும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதி வைத்த சோதனை இது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இந்தச் சரிப்படுத்தல் நடப்பதில்லை. கணக்கைத் திருத்தி எழுதும் இடம் அதுதான்.

இப்போது தொடு உணர்வுக்கு வருகிறேன். என் தொழிலில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், நோயாளி வீடுகளில் யாரும் கேட்காத விஷயமும் இதுதான். விரல் அசைகிறதா என்று பார்ப்பார்கள், உணர்கிறதா என்று பார்க்கமாட்டார்கள். ஒரு உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் சுமார் 17,000 தொடு நரம்பு இழைகள் இருப்பதாகக் கணக்கு. விரல்நுனியில்தான் அவை மிக நெருக்கம். சுவீடனில் உமியோ நகரில் ரோலண்ட் யோஹான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் 1984ல் ஒரு சிறிய பொருளின் பக்கங்களில் உப்புத்தாள், மெதுதோல், பட்டு என்று மாற்றி ஒட்டி, ஆட்களைத் தூக்கச் சொன்னார்கள். பட்டு வழுக்கும், அதனால் அழுத்தம் கூடியது. உப்புத்தாளுக்கு அழுத்தம் குறைந்தது. எல்லாவற்றிலும் நழுவாமல் இருக்கத் தேவையானதைவிட ஒரு சிறு பங்கு மட்டும் கூடுதலாக அழுத்தினார்கள். பொருள் இம்மி நழுவினாலும் பத்தில் ஒரு நொடிக்குள் பிடி இறுகியது. ஆள் நினைத்து இறுக்குவதற்கு முன்பே நடந்துவிடும் செயல் அது. விரல்நுனியை மரத்துப்போகச் செய்தபோது இந்த நேர்த்தி போய்விட்டது. ஒன்று நழுவவிட்டார்கள், இல்லையென்றால் தேவைக்கு மேல் நசுக்கிப் பிடித்தார்கள்.

கீழக்கரையில் நின்றபடி தேத்தண்ணி குடிக்கிறவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது, கையின் வேகம் கூடும் அதே கணத்தில் பிடியும் இறுகும், தாமதமே இருக்காது. தன் கை செய்யப் போவது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதே ஆள் ஆடும் வத்தைப் படகில் நின்றால், அலை எப்போது தூக்கும் என்பது முழுதாகத் தெரியாது. அதனால் கிளாஸை எப்போதும் கொஞ்சம் கூடவே இறுக்கிப் பிடிப்பார். தெரிந்ததற்கு முன்கணிப்பு, தெரியாததற்குக் கூடுதல் பிடி.

ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்தால் விரல்நுனி சுருங்குவதையும் இங்கே சொல்லவேண்டும். தோல் ஊறுவதால் மட்டும் அது வருவதில்லை, நரம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வருகிறது. நரம்பு அறுந்த விரல் சுருங்காது என்பது 1930களிலிருந்தே தெரியும். ஈரமான பொருளைப் பிடிக்கச் சுருக்கம் உதவுகிறதா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. 2013ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு உதவுகிறது என்றது, அடுத்த வருடம் வந்த இன்னொன்று இல்லை என்றது, 2021ல் வந்த ஆய்வு சுருங்கிய விரலுக்குக் குறைந்த அழுத்தமே போதும் என்றது. எனக்கு இதில் வேறு பயன் உண்டு. கடலில் வேலை செய்கிறவர் ஒருவர், "மத்த விரலெல்லாம் சுருங்குது, இது மட்டும் சுருங்கல" என்றால் அந்த நரம்பை உடனே சோதிப்பேன்.

இனி அப்பாவின் கை. தோளுக்கும் முழங்கைக்கும் மூளையிலிருந்து பல வழிகளில் கட்டளை வருகிறது. மூளைத்தண்டிலிருந்து இருபக்கமும் இறங்கும் பழைய பாதைகளும் அவற்றில் உண்டு. ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்று ஓரளவு ஈடு கொடுக்கும். விரல்களைத் தனித்தனியாக ஆட்டுவதற்கோ, பெருமூளைப் புறணியிலிருந்து, அதாவது மூளையின் வெளியடுக்கிலிருந்து, எதிர்ப்பக்கத் தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் ஒரே பாதைதான் பெரும்பாலும் நம்பிக்கை. பக்கவாதம் அதை அடித்தால் மாற்று வழி குறைவு. அதனால்தான் தோள் முதலில் வருகிறது, விரல் கடைசியில். அதிலும் மூடுவது சீக்கிரம் வந்துவிடும், விரிப்பதுதான் சிரமம். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். டம்ளரைத் தொடுவதற்கு முன்பே அதைவிட அகலமாக விரல் விரியவேண்டும். அது நடக்காததால்தான் கை டம்ளர் வரை போயும் முட்டி நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கவாதம் வந்த கையில் தோளைத் தூக்கும் முயற்சியே முழங்கையையும் விரலையும் மடக்கிவிடும். அந்தரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு "விரலை விரிங்கப்பா" என்றால் அவர் எவ்வளவு முயன்றாலும் விரல் இறுகத்தான் செய்யும். முழங்கையையும் முன்கையையும் மேசையின் மேல் வையுங்கள், கீழே ஒரு துண்டு போட்டால் வழுக்கிப் போக எளிது. தோளின் பாரம் குறைந்தால் விரல் விரிவது கொஞ்சம் எளிதாகும். முதுகை நாற்காலியில் சாய்த்து உட்காரவையுங்கள். இல்லாவிட்டால் கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்த்து எட்டிவிடுவார், அது பழக்கமாகிவிடும்.

வெறும் கையை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் போதாது. எதிரே ஒரு நிஜப் பொருள் இருந்தால் பக்கவாதம் வந்தவரின் கை இன்னும் சீராகப் போகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். எனவே டம்ளர், தீக்குச்சிப் பெட்டி, அவருக்குப் பழக்கமான வலை ஊசி, நைலான் கயிற்றுத் துண்டு, சங்கு என்று வையுங்கள். ஒரே டம்ளரை ஒரே இடத்தில் வைத்து நூறு முறை எடுக்கச் சொல்லாதீர்கள். இடத்தை, அளவை, சாய்வை மாற்றிக்கொண்டே இருங்கள். மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஷ்டைன் 1920களில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம் பிடித்துப் பார்த்தபோது, சுத்தியல் சரியாக ஒரே இடத்தில் விழுந்தது, ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு விதமாக அசைந்தன. கை பழகுவது ஒரு அசைவை மனப்பாடம் செய்து அல்ல, ஒரே முடிவை வெவ்வேறு வழியில் அடையப் பழகித்தான்.

நல்ல கையைக் கட்டிவைத்து, பாதித்த கையை வேலை வாங்கும் சிகிச்சையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 222 பேரை வைத்து நடந்து 2006ல் முடிவு வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார்கள், கை தெளிவாக முன்னேறியது. ஆனால் மணிக்கட்டும் விரலும் தானாகக் கொஞ்சமாவது விரியும் ஆட்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அப்பாவுக்கு அந்த அளவு விரிகிறதா என்று ஒரு தெரபிஸ்ட் பார்க்காமல் வீட்டில் கையைக் கட்டாதீர்கள். விழப்போனால் ஊன்றிக்கொள்ள அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான்.

கடைசியாக, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதித்த கையின் விரல்நுனிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சால் லேசாகத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். பேச்சு தடுமாறினால் நல்ல கையால் காட்டச் சொல்லுங்கள். அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் இரண்டு கையிலும் சோதியுங்கள், பாதத்திலும் சோதியுங்கள். சர்க்கரையால் வரும் மரப்பு முதலில் காலில்தான் தொடங்கும். விரல் சொல்லத் தவறினால், பயிற்சியின்போது அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே எடுக்கட்டும். கண்ணாடி டம்ளர் வேண்டாம், எவர்சில்வர் டம்ளரில் முதலில் பச்சைத் தண்ணீர் மட்டும் வையுங்கள். சூடான காப்பியோ கஞ்சியோ இருந்தால் நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே அந்தக் கைக்குப் போகவேண்டும்.